அக்கா உட்கார்ந்த விதம்

காலையில் கண் விழித்ததும் அக்கா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். காற்றடித்த ட்யூப் மாதிரி இருந்தது. தட்டினால் சத்தம் வரும் போலிருந்தது.

தட்டினாள். வந்தது.

பக்கத்தில் படுத்திருந்த வாத்தியார் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"தென்பகுதி நிலவரம் எப்படிம்மா?"

"மேகமூட்டம். காத்து பலமா வீசும்னு தோணுது."

வாத்தியார் பள்ளியில் புவியியல் சொல்லித்தருபவர். அந்த வீட்டில் இடுப்புக்குக் கீழே இருக்கும் எதற்கும் பெயர் கிடையாது. கல்யாணமான புதிதில் கூச்சத்தோடு கூச்சமாக அவர் கண்டுபிடித்த வார்த்தை தென்பகுதி. அது அப்படியே நிலைத்துவிட்டது. அக்கா பிறந்த வீட்டில் அந்த வார்த்தைகூடக் கிடையாது. அங்கே மௌனம்தான்.

அந்த மௌனம் அவர்களிடமிருந்து என்ன வாங்கிக்கொண்டது என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்று சேர்ந்துகொண்டவர்களுக்காகச் சுருக்கமாக.

அக்காவின் அப்பா போன வருஷம் பெருங்குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். ரத்தம் போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது டாக்டருக்குச் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. "பிள்ளைங்க எல்லாரும் ஒருமுறை குழாய் விட்டுக் குடலைப் பரிசோதிச்சுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டே பேர். அக்கா, அவளுடைய தம்பி பஞ்சு.

அக்கா பஸ் ஓட்டுநர். டிப்போவில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சு அதே டிப்போவின் பட்டறையில் இருக்கைகளுக்குத் திணிப்பு வைத்து உறை தைப்பவன். அதனால்தான் அந்தப் பெயர்.

பஞ்சு பரிசோதனைக்கு வரமாட்டேன் என்றான். அக்கா விடவில்லை. கடைசியில், "முதல்ல நீ போயிட்டு வா. உன்னைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான்.

அதற்குள் அவன் மனைவி ஒருநாள் அக்காவைத் தனியாக அழைத்துப் போய், துவைக்கப் போட்ட அவன் துணியில் ரத்தம் பார்த்ததைச் சொன்னாள். ஒரு தடவை அல்ல, பல தடவை. "நான் சொன்னதா மட்டும் தெரிஞ்சுடக் கூடாது அண்ணி. அப்புறம் அவர் துணியை அவரே துவைக்க ஆரம்பிச்சுடுவார். எனக்கு எதுவுமே தெரியாமப் போயிடும்."

அக்கா வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவளே முதலில் போய்ப் பரிசோதனைக்குப் பெயரைப் பதிந்தாள். அவள் அப்படித்தான். வழியில் தண்ணீர் தேங்கியிருந்தால், முதலில் தன் வண்டியை விட்டுப் பார்ப்பாள்.

நேற்று அவளுக்கு முடிந்தது. நாளை மறுநாள் பஞ்சுவுக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள். வருகிறானா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். பிறகு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. கிடைத்தாலும் அவன் வருவானா என்று தெரியாது.

உன்னைப் பார்த்துட்டுச் சொல்றேன் என்று அவன் பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பார்ப்பான்.

ஆகவே பார்ப்பதற்குத் தான் நன்றாக இருக்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்தாள். ஒரு வலியும் இல்லை, ஒரு எரிச்சலும் இல்லை, போனேன், தூங்கினேன், வந்தேன். அப்படி.

உண்மையில் எரிச்சல் இருந்தது. பரிசோதனைக்கு முன்பு குடிக்கக் கொடுத்த மருந்துத் தண்ணீர் குடலை மட்டும் கழுவவில்லை. ஓடி ஓடிப் போனதில் தோலையும் சிவக்க வைத்துவிட்டது. நடந்தால் உரசியது. உட்கார்ந்தால் சுட்டது.

அக்கா சுத்தக்காரி. வண்டியை எடுக்குமுன் முன்கண்ணாடியை வேறு யாரையும் துடைக்க விடமாட்டாள். எந்தக் கோளாறுக்கும் அவளிடம் இருக்கும் முதல் மருந்து சோப்பு. குளியலறைக்குப் போய், இருப்பதிலேயே காரமான சோப்பை எடுத்து, நன்றாக நுரைக்கத் தேய்த்துக் கழுவி, முரட்டுத் துண்டால் அழுத்தித் துடைத்தாள்.

வாத்தியார் கதவுக்கு வெளியே ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சத்தம்?"

உள்ளே குழாயை அவசரமாகத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரல் வந்தது.

"தென்பகுதியில தீ."

வாத்தியார் போனை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த எண்ணை அழுத்திவிட்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார்.

"வணக்கம்மா. நேத்து என் மனைவிக்கு உங்ககிட்ட பரிசோதனை ஆச்சு. இப்ப தென்பகுதியில கொஞ்சம் எரிச்சலா இருக்காம்."

"எந்தப் பகுதி சார்?"

"தெற்கு."

"சார், நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"வீட்லேருந்துதான். நான் சொல்றது உடம்புல."

"கால்லயா சார்?"

"அவ்வளவு தெற்கே இல்ல. கொஞ்சம் வடக்கே."

"முழங்காலா?"

"இன்னும் வடக்கே வாங்க."

நர்ஸ் பொறுமையானவள்தான். ஆனாலும் அவளுக்கு வேறு வேலைகளும் இருந்தன. "சார், எந்த இடம்னு நேரா சொல்லுங்க" என்றாள்.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். குளியலறைக் கதவின் பக்கம் திரும்பி நின்றார். பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஆசனவாய்."

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாளின் கையிலிருந்து ஒரு தலையணை உறை நழுவிக் கீழே விழுந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் நர்ஸ். பெயரைக் கேட்டு நேற்றைய குறிப்பை எடுத்துக்கொண்டாள். "ரத்தம் வருதா?"

"துடைக்கறப்ப ஒரு பொட்டு. வெளிர் சிவப்பா."

"குடல்லேருந்து சின்னதா ஒரு சதையை எடுத்திருக்காங்க இல்ல, அதுக்கு ஒண்ணு ரெண்டு பொட்டு வரலாம். காய்ச்சல்? தாங்க முடியாத வலி?"

"இல்ல. வயிறு மட்டும் உப்பிக் கிடக்கு."

"சோப்பு போட்டாங்களா?"

வாத்தியார் தயங்கினார். "போட்டாங்க."

"என்ன சோப்பு?"

"என் வெள்ளைச் சட்டைக் காலருக்குப் போடறது."

நர்ஸ் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு சொன்னாள். சோப்பே வேண்டாம். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் உட்காரட்டும். தேய்க்கக் கூடாது, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மேலே லேசாக வாஸ்லின். தளர்வான பருத்தித் துணி. ஓரிரு நாளில் சரியாகிவிடும். ரத்தம் அதிகமாக வந்தாலோ, வலி ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ யோசிக்காமல் கிளம்பி வர வேண்டும்.

"அப்புறம் அந்தக் காத்து. உள்ள ஊதினது வெளிய வந்துதானே ஆகணும். அடக்க வேணாம்னு சொல்லுங்க. நல்லா நடக்கச் சொல்லுங்க."

வாத்தியார் கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றையும் ஒப்பித்தார். காது மடல் சிவந்திருந்தது. ஆனால் ஒரு வார்த்தையையும் தெற்குப் பக்கம் தள்ளவில்லை. பிறகு தண்ணீர் காய வைத்தார். தொட்டியில் ஊற்றி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு முன் பார்ப்பது போல, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த மனிதர் தன் கல்யாணத்தில்கூட மாலையை நிமிர்ந்து பார்த்துப் போடாதவர்.

தொட்டியில் உட்கார்ந்ததும் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. கதவுக்கு வெளியிலிருந்து வாத்தியார் கேட்டார்.

"அந்தச் சதை எடுத்ததை பஞ்சுகிட்ட சொல்லப் போறியா?"

"இல்ல. சொன்னா அவன் பட்டறையைப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்துடுவான். ரிப்போர்ட் வரட்டும்."

"எரிச்சலை?"

"அதையும் இல்ல."

"உனக்குப் பொய் சொல்ல வராதேம்மா."

"பொய் எங்க சொல்றேன். சொல்லாம இருக்கப் போறேன்."

அக்கா பிறந்த வீட்டில் சொல்லாமல் இருந்தவர் ஏற்கெனவே ஒருவர் உண்டு. அது இருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றியது. இருவரும் அதைப் பேசவில்லை.

இன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மயக்க மருந்தின் மிச்சம் இருக்குமாம். அக்காவுக்கு விடுப்பு. டிப்போவுக்கு நடந்தே போனாள்.

நர்ஸ் சொன்னது சரிதான். நடக்க நடக்க வயிற்றிலிருந்த காற்று இளகியது. வந்தது. ஆனால் சாலையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவை அந்தச் சாலையில் தெரியாதவர்கள் கிடையாது. பாதிப் பேர் அவள் வண்டியில் போகிறவர்கள். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரிய லாரி எதுவும் நெருங்கி வரும்வரை ஒரு கடைப் பலகையைப் படித்துக்கொண்டு நிற்பது. லாரி கடக்கும்போது காரியத்தை முடித்துக்கொண்டு நடப்பது. டிப்போ வருவதற்குள் அந்தச் சாலையில் இருந்த எல்லாக் கடைப் பலகையையும் படித்துவிட்டாள். பல வருஷங்களாக அந்த வழியில் வண்டி ஓட்டுகிறாள், அங்கே ஒரு கடிகாரம் பழுதுபார்க்கும் கடை இருப்பது இன்றுதான் தெரிந்தது.

பட்டறை டிப்போவின் பின்பக்கம். பஸ்களிலிருந்து கழற்றிய இருக்கைகள் சுவர் ஓரமாக அடுக்கியிருக்கும். சில கிழிந்து, சில இரும்புச் சட்டம் மட்டுமாக. ரெக்ஸின் வாசனையும் பசை வாசனையும் கலந்து வரும். மூலையில் காற்றழுத்தக் கம்ப்ரசர் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் குழாய் பஞ்சுவின் கையிலிருக்கும் ஸ்டேப்ளர் துப்பாக்கிக்குப் போகும். டக், டக், டக். ரெக்ஸின் உறை சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

பஞ்சு அதிகம் பேச மாட்டான். ஆனால் பழைய இருக்கை ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உக்காரவர் பர்ஸைப் பின்பாக்கெட்ல வைக்கிற ஆள்" என்பான். ஒரு ஓட்டுநர் இடுப்பு வலியைத் தன் வீட்டில் சொல்வதற்கு முன்னாலேயே பஞ்சு அவருடைய இருக்கையின் இடதுபக்கத்தைச் சற்று உயர்த்தித் தைத்திருந்தான். அவர் கேட்கவும் இல்லை, இவன் சொல்லவும் இல்லை. வலி மட்டும் குறைந்தது. அக்கா பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிற கதை அது.

இன்று அந்தக் கதை அவளுக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தால் அவள் நின்றுகொண்டே பேசியிருப்பாள்.

"வா அக்கா" என்றான் பஞ்சு. "உக்காரு."

சுற்றிலும் மெத்தென்று அத்தனை இருக்கைகள். அக்கா அவற்றையெல்லாம் விட்டுவிட்டு மரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வெறும் பலகை. வேண்டுமென்றே நிமிர்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

பஞ்சு பார்த்தான்.

"எப்படி இருந்தது?"

"ஒண்ணுமே இல்லடா. படுத்தேன், தூங்கினேன், எழுந்தேன். முடிஞ்சு போச்சு."

"வலி?"

"இல்ல."

"எரிச்சல்?"

"எதுக்கு எரியப் போகுது?"

"அப்ப ஒண்ணும் இல்ல."

"அதான் சொல்றேனே. நாளன்னிக்குக் காலைல நீ வர்ற. சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணிச் சொல்லிடறேன்."

டக், டக், டக். பஞ்சு ஓர் உறையின் ஓரத்தை முழுக்க அடித்து முடித்தான். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்தான்.

"அப்பாவும் இப்படித்தான் உக்காந்தார்" என்றான்.

"எப்படி?"

"வலது பக்கமா பாரத்தைப் போட்டு, இடது பக்கத்தை ஒரு விரற்கடை தூக்கி. கையைப் பலகையில ஊணிக்கிட்டு. அவரும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னார்."

அக்கா தன் கையைப் பார்த்தாள். அது பலகையில் ஊன்றியிருந்தது.

"மறைக்கற அளவுக்கு இருக்குன்னா, அது சின்ன விஷயம் இல்ல" என்றான் பஞ்சு. "நீ எனக்காகப் போனே. அதுக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கேன். ஆனா என்னை விட்டுடு அக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. உக்காந்தே வேலை பாக்கறவனுக்கு இருக்கற மூலம்தான். தானா போயிடும்."

துப்பாக்கியை மறுபடி எடுத்தான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவன் மூலம் என்றதை அக்கா கவனித்தாள். அப்பாவும் அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். உன் துணியில் ரத்தம் இருக்கிறதடா என்று சொல்ல நாக்கு துடித்தது. வாக்கு தடுத்தது. கத்தலாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். அவன் போகமாட்டான்.

பட்டறையின் அந்தக் கோடியில் இரண்டு பேர் ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தாள். பிறகு கண்டுகொள்ளாமல் விட்டாள். கால்மேல் போட்டிருந்த காலை எடுத்தாள். இடதுபக்கத்தை எவ்வளவு தூக்க வேண்டுமோ அவ்வளவு தூக்கி, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"டேய், கேளு. முழுசா சொல்றேன். நடுவுல பேசாத."

அவன் கையை நிறுத்தினான்.

"அந்த மருந்துத் தண்ணி இருக்கே, உப்பைக் கரைச்ச எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும். முதல் டம்ளர் பரவாயில்ல. அப்புறம் டம்ளரைப் பார்த்தாலே குமட்டும். குடிச்சதும் ஓட்டம்தான். நான் பஸ்ஸுலகூட ஒரே நாள்ல அவ்வளவு ட்ரிப் அடிச்சதில்ல. உங்க மாமா பாவம், கக்கூஸ் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினார்."

பஞ்சுவின் வாய் ஓரம் லேசாக அசைந்தது.

"பரிசோதனை ஒண்ணும் தெரியல. அது மட்டும் சத்தியமா நெஜம். கையில ஊசி போட்டுட்டு, என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டாங்க. பஸ்னு ஆரம்பிச்சேன். ஓட்டறேன்னு முடிக்கறப்ப கண்ணு முழிக்கறேன், எல்லாம் ஆயிடுச்சு. கஷ்டம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான். போய்ப் போய்த் தோலெல்லாம் செவந்து போச்சு. இந்தப் புத்திசாலி அக்கா என்ன பண்ணினா தெரியுமா? அதுக்கு மேல சோப்பு போட்டா."

"எங்க?"

"எங்கன்னு கேக்கறான் பாரு. ஆசனவாய்ல."

ரெக்ஸின் வெட்டும் கத்தரிகள் இரண்டும் நின்றன.

"காலர் அழுக்குக்குப் போடற சோப்பு" என்றாள் அக்கா, அந்தக் கோடிக்கும் சேர்த்து. "தீ பத்திக்கிச்சு. வெந்நீர்ல உக்காந்து, வாஸ்லின் தடவித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். இன்னும் எரியுது. ரெண்டு நாள்ல போயிடுமாம். அப்புறம் காத்து. குடலை விரிச்சுப் பாக்க உள்ள காத்து ஊதுவாங்களாம். அது வெளிய வரணுமில்ல. வழியில ஆளுங்க. ஒவ்வொரு லாரிக்கும் காத்திருந்து காத்திருந்து விட்டுக்கிட்டு வந்தேன்."

பஞ்சு சிரித்தான். முதலில் மூக்கால். பிறகு தோள் குலுங்க. அப்பா போனபிறகு அவன் இப்படிச் சிரித்து அக்கா பார்க்கவில்லை. அவளும் சிரித்தாள். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். ஏனென்றால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னால் கிடைத்தது எல்லாம் கைவிட்டுப் போகலாம்.

சொன்னாள்.

"குடல்ல மிளகு அளவுக்கு ஒரு சதை இருந்ததாம். எடுத்துட்டாங்க. அது என்னன்னு பாக்க அனுப்பியிருக்காங்க. ரிப்போர்ட் அடுத்த வாரம். ஒண்ணும் இருக்காதுன்னுதான் டாக்டர் சொல்றார். ஆனா எனக்குப் பயமா இருக்குடா. உன்கிட்ட மறைக்கணும்னு நெனச்சுத்தான் வந்தேன்."

பஞ்சுவின் சிரிப்பு அடங்கியது. அவன் நகர்ந்துபோய்க் கம்ப்ரசரை நிறுத்தினான். பட்டறை திடீரென்று பெரிதானது போலிருந்தது. வெளியே ஒரு பஸ் பின்வாங்கும் சத்தம்கூட இல்லை.

அந்த அமைதியைத்தான் அக்காவின் வயிறு தேர்ந்தெடுத்தது. லாரி ஏதும் இல்லை. கடைப் பலகை ஏதும் இல்லை. வெறும் மரப்பலகை. அது நன்றாக எதிரொலித்தது.

யாரும் அசையவில்லை.

பஞ்சு பெஞ்சைக் குனிந்து பார்த்தான்.

"ஸ்ப்ரிங் போயிடுச்சு போல" என்றான்.

அந்தக் கோடியில் இருந்த இரண்டு பேரும் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்கள். அக்கா ஓடவில்லை, முகத்தை மூடவில்லை. "வாரன்டி இருக்கா பாரு" என்றாள்.

பஞ்சு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை எடுத்தான். கத்தியால் நடுவில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்தான். ஓரங்களைச் சாய்வாகச் சீவினான். அளவு எடுக்கவில்லை; அவனுக்கு அது தேவையும் இல்லை. "எழுந்திரு" என்றான். பலகைமேல் வைத்தான். அக்கா உட்கார்ந்தாள். உடம்பில் எங்கும் எதுவும் அழுத்தவில்லை. காலையிலிருந்து முதல்முறையாக இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்தாள்.

அவன் அவள் எதிரில் ஒரு டயர்மேல் அமர்ந்தான். வெட்டி எடுத்த வட்டத்தைக் கையில் வைத்து அழுத்தி அழுத்தி விட்டான்.

"அப்பாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுத்தேன்" என்றான். "ஏன்னு நானும் கேக்கல. அவரும் சொல்லல. வாங்கி வச்சுக்கிட்டு, 'உனக்கும் ஒண்ணு செஞ்சுக்கடா'ன்னார்."

"உனக்கு எதுக்கு?"

ஸ்பாஞ்சு வட்டம் அவன் உள்ளங்கையில் சுருங்கி விரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது வண்டி ஓட்டுவதைவிடக் கடினமாக இருந்தது.

"எனக்கும் ரத்தம் வருது அக்கா."

இந்த வார்த்தையைக் கேட்டால் அதிர்ந்துபோகிற மாதிரி நடிக்க வேண்டியிருக்குமே என்று அக்கா பயந்திருந்தாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்த விஷயம்தான். ஆனால் அவன் வாயால் கேட்டபோது அவள் இரண்டு கையாலும் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?"

"அப்பா நல்லா இருந்தப்பவே."

அவள் கோபப்படவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் மறுபடி மூடிக்கொள்வான் என்று தெரியும். போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். காதில் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அவன் பக்கம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

அவன் போனை வாங்கினான். கையில் பசை ஒட்டியிருந்தது. நர்ஸ் பேசினாள். பெயர் கேட்டாள், சொன்னான். நாளை மறுநாள் வருகிறீர்களா என்று கேட்டாள், வருகிறேன் என்றான்.

"அப்பாவுக்கு இருந்ததாலதானே சார் பாக்கறீங்க? வேற தொந்தரவு எதுவும் இல்லையே?"

பஞ்சு அக்காவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை.

"இருக்கு. மலத்தோட ரத்தம் வருது. ரொம்ப நாளா."

சொல்லிவிட்டான். அக்காவுக்கு அவனை எழுந்து கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தை, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் இவன் முதலில் சொல்லியிருக்கிறான்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் நர்ஸ். அவள் குரலின் வேகம் மாறியிருந்தது. சற்று நேரத்தில் டாக்டரே போனில் வந்தார். ரத்தம் என்ன நிறம், எப்போதெல்லாம், வயிற்றில் வலி உண்டா என்று கேட்டார். பஞ்சு ஒவ்வொன்றுக்கும் சொன்னான்.

"எடை குறைஞ்சிருக்கா?"

பஞ்சு வாயைத் திறந்தான். இல்லை என்ற சொல் பாதி வழி வந்துவிட்டது. அப்போது அக்காவின் பார்வை அவன் பெல்ட்டில் நின்றிருப்பதைக் கண்டான். பழைய ஓட்டைகளைத் தாண்டி உள்ளே இன்னும் இரண்டு ஓட்டைகள். பட்டறை உளியால் போட்டவை. கச்சிதமாக, ஒழுங்காக, அவன் வேலை எப்போதும் இருக்கும் அழகோடு.

"குறைஞ்சிருக்கு டாக்டர்" என்றான். "பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"நாளன்னிக்கு வேணாம். நாளைக்குக் காலைலயே வாங்க. இப்பலேருந்து கெட்டியா எதுவும் சாப்பிடாதீங்க. மருந்தை இன்னிக்கே யாரையாவது அனுப்பி வாங்கிக்குங்க. தூங்க வச்சுத்தான் செய்வோம், அதனால கூட ஒருத்தர் கட்டாயம் வரணும். யார் வருவாங்க?"

"எங்க அக்கா வருவாங்க" என்றான் பஞ்சு. அவளைப் பார்த்து, பழைய தம்பியாகச் சிரித்தான். "அவங்களை உக்காரச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீங்க டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை.

"சீக்கிரமா வந்துடுங்க" என்றார்.